பால் பத்தலன்னு சொன்னது நான்தான்

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். ஆண்பிள்ளைகளும் படிக்கலாம், படிக்கவும் வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை ராத்திரி இரண்டே கால் மணிக்கு என் போனில் ஒரு செய்தி வந்து விழுந்திருக்கிறது. நான் பார்த்தது காலை நாலரைக்கு. சூரமங்கலத்தில் இருப்பவர்களுக்கு அலாரம் தேவையில்லை, ஜங்ஷனில் ஏதாவது ஒரு வண்டி எழுப்பிவிடும்.

"டீச்சர், நான் உங்ககிட்ட ஒம்பதாவது படிச்சவ. ஆபரேஷன் பண்ணி குழந்தை பொறந்து நாலு நாளாச்சு. பால் சரியா வரமாட்டேங்குது. எல்லாரும் பத்தல பத்தலங்கறாங்க. அத்தை டின் வாங்கியாந்து வெச்சுட்டாங்க. குடுக்கலாமா டீச்சர்? நீங்க சீம்பால் பத்தி நடத்துனது ஞாபகம் இருக்கு, அதான் உங்களக் கேக்கறேன்."

பெயர் வேண்டாம். படித்தால் அவளுக்கே தெரியும். விடிந்ததும் போன் செய்து அரை மணி நேரம் பேசினேன். குழந்தை எத்தனை தடவை ஒண்ணுக்குப் போகிறது, எடை பார்த்தார்களா, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சொல்ல வேண்டியதைச் சொன்னேன். ஆனால் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. "எல்லாரும் பத்தல பத்தலங்கறாங்க" என்று எழுதியிருந்தாளே, அப்படிச் சொன்ன ஒருத்திதான் நானும். என் சொந்த மகளிடம் சொன்னேன். அதை இங்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் என் கதை. எனக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து, 1988-ல் மகள் பிறந்தாள். ஒரு தனியார் நர்சிங் ஹோமில் ஆபரேஷன். அப்போது எனக்குக் கொடுத்தது முழு மயக்கம். கண் விழித்தபோது சாயங்காலம். பக்கத்தில் குழந்தை இல்லை. வேறு அறையில் வைத்திருந்தார்கள். மறுநாள்தான் கையில் கொடுத்தார்கள். அதற்குள் சர்க்கரைத் தண்ணீர் பழகியிருந்தது. வயிற்றில் தையல், கையில் டிரிப்ஸ், உட்காரவும் முடியாது, ஒருக்களிக்கவும் பயம். பிள்ளையை எப்படிப் பிடிப்பது என்று சொல்லித்தர ஆள் இல்லை. மாரில் முதலில் மஞ்சளாகக் கசிந்ததை உறவில் ஒரு பெரியம்மா பார்த்துவிட்டு, "இது கெட்டபால், பீச்சி ஊத்திடு" என்றார். பீச்சி ஊற்றினோம்.

நான் அறிவியல் டீச்சர். சீம்பாலில் நோய் எதிர்ப்புப் பொருள் இருக்கிறது என்று கரும்பலகையில் எழுதிப்போட்டவள். என் உடம்பில் வந்ததைக் கிண்ணத்தில் பீச்சி வாசலில் கொட்ட விட்டேன். இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். எங்கள் தெருவில் யார் வீட்டு மாடு கன்று போட்டாலும் சீம்பால் வரும். வெல்லம் போட்டு, ஏலக்காய் தட்டி, இட்லிப் பானையில் வேகவைத்துத் துண்டு போட்டுச் சாப்பிடுவோம். மாட்டுச் சீம்பாலுக்குச் சண்டை போடுகிற வீட்டில், மனுஷியின் சீம்பால் கெட்டபால்!

வீட்டுக்கு வந்ததும் பச்சை உடம்புக்காரிக்கான பத்தியம் ஆரம்பித்தது. தண்ணீர் குடித்தால் வயிறு போட்டுவிடும், தையலில் நீர் கோக்கும் என்று ஒரு வேளைக்கு அரை டம்ளர் வெந்நீர்தான். தாகம் தாங்காமல் குளியலறைக் குழாயில் வாயை வைத்துக் குடித்திருக்கிறேன். அம்மாவுக்கு இது கடைசிவரை தெரியாது. வயிற்றைப் பருத்திப் புடவையால் இறுக்கிக் கட்டினார்கள், புதுத் தையலின் மேலேயே. இருபது நாள் போனதும், "உனக்குப் பால் பத்தல, பிள்ளை ஏங்குது" என்று அம்மா தீர்ப்பு சொல்லிவிட்டார். டின் வந்தது. டின் மேல் கொழுகொழுவென்று ஒரு குழந்தை சிரிக்கும். நாற்பதாவது நாளில் எனக்குப் பால் சுத்தமாக நின்றுபோனது.

அப்போது எங்களுக்குப் பிரசவ விடுப்பு 90 நாள். எப்படியும் டின் பழக்க வேண்டியதுதான், சீக்கிரம் பழகியது நல்லதுதான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். பள்ளிக்கூடம் போனேன். ஒரு நாள் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒரு பெண் முந்தானையை மூடிக்கொண்டு பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவ்வளவுதான். அதன் பிறகு அதைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை.

முப்பது வருஷம் கழித்து, 2018-ல், அந்த மகள் தலைப்பிரசவத்துக்கு என் வீட்டுக்கு வந்தாள். பதினாலு மணி நேரம் வலி. குழந்தையின் இதயத்துடிப்பு இறங்குகிறது என்று ராத்திரி ஆபரேஷன் செய்தார்கள். இந்தத் தடவை முதுகில் ஊசி, அவளுக்கு நினைவு இருந்தது, குழந்தையின் அழுகையைக் கேட்டாள். கன்னத்தோடு கன்னம் வைத்துக் காட்டினார்களாம். எவ்வளவோ மாறிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். மாறாத ஆள் நான் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம். குழந்தை விடாமல் அழுகிறது. மாரில் வைத்தால் இரண்டு சப்பு சப்பிவிட்டு உதறுகிறது. மகளுக்கு உட்கார்ந்தால் தையல் இழுக்கிறது, குனிய முடியவில்லை. வலி மாத்திரை இருந்தது. "பாலில் இறங்கிடும், போடாதே" என்று நான்தான் தடுத்து வைத்திருந்தேன். வந்த உறவுக்காரர்கள் நாலு பேர் கட்டிலைச் சுற்றி நின்று மாரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னேன், "பால் பத்தல கண்ணு. பிடிவாதம் பண்ணாதே. நீயே டின்ல வளர்ந்தவதான், ஒண்ணும் குறைஞ்சு போயிடலையே."

அவள் ஒன்றும் பேசவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். மாப்பிள்ளையிடம், "மெடிக்கல்ல ஒரு டின்னும் பாட்டிலும் வாங்கிட்டு வந்துடுங்க" என்று சொல்லிப் பணமும் கொடுத்தேன். டாக்டரையோ நர்ஸையோ கேட்கவில்லை. குழந்தை குடித்தது. நாலு மணி நேரம் அசையாமல் தூங்கியது. "பார்த்தியா, பசிதான்" என்று ஜெயித்தவள் மாதிரி சொன்னேன்.

அந்த நாலு மணி நேரம்தான் கெடுத்தது. இறைக்கிற கிணறு ஊறும் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பிள்ளை சப்பச் சப்பத்தான் மூளை ப்ரோலாக்டினைச் சுரக்கும், அது பாலை உண்டாக்கும். ராத்திரி நேரத்தில் அது இன்னும் அதிகம் சுரக்கும். ஆக்சிடோசின் என்று இன்னொன்று, உண்டான பாலை வெளியே தள்ளும். வலி, பயம், வெட்கம் எல்லாம் அதைத் தடுக்கும். டின் பால் குடித்த பிள்ளை தூங்குகிறது, கிணறு இறைக்கப்படவில்லை, மறுநாள் இன்னும் குறைகிறது, "பாரு, பத்தலைன்னு சொன்னேனே" என்கிறோம், இன்னும் ஒரு பாட்டில். இதை வகுப்பில் கேட்டிருந்தால் படம் போட்டு விளக்கியிருப்பேன்.

இன்னொன்றும் உண்டு. ஆபரேஷன் ஆன தாய்க்குப் பால் கட்டி வருவது ஒன்றிரண்டு நாள் தாமதமாவது சகஜம். சுகப்பிரசவத்தில் இரண்டாம் மூன்றாம் நாள் என்றால், இதில் நாலாம் ஐந்தாம் நாள்கூட ஆகலாம். அதுவரை வருவது சீம்பால். சொட்டுச் சொட்டாகத்தான் வரும். முதல் நாளில் பிள்ளைக்கு ஒரு வேளைக்குத் தேவையே ஏறக்குறைய ஒரு டீஸ்பூன்தான். நாம் பாட்டிலில் அறுபது மில்லி கலந்து வைத்துக்கொண்டு, அம்மா மாரில் அறுபது மில்லி தேடுகிறோம். நான் மூன்றாம் நாளே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தோம். இப்போது பால் வந்து மார் கல் மாதிரி கட்டிக்கொண்டது. குழந்தையோ பாட்டிலுக்குப் பழகி மாரைத் தொட மாட்டேன் என்கிறது. மகளுக்குக் காய்ச்சல். டாக்டரிடம் காட்டி மருந்து வாங்கினோம். தையல் நன்றாக இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை, பாலை எடுத்துவிடுங்கள் என்றார். எப்படி எடுப்பது? எங்கள் தெருவிலிருந்து நாலாவது தெருவில் ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர் இருக்கிறார். ஓமலூர்ப் பக்கம் ஊர் ஊராகப் போய் வேலை பார்த்தவர். வீட்டுக்காரர் போய் அழைத்து வந்தார்.

நர்ஸம்மா வந்ததும் குழந்தையைப் பார்க்கவில்லை. சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு, மகள் பக்கத்தில் உட்கார்ந்து, "சாப்பிட்டியா சாமி? தண்ணி குடிச்சியா? வலி மாத்திரை போட்டியா?" என்று கேட்டார். ஆறு நாளில் அவளைப் பற்றி யாரும் கேட்காத கேள்விகள். எல்லோரும் பால் இருக்கா என்றுதான் கேட்டோம். "மாத்திரை வேணாம்னு அம்மா சொன்னாங்க" என்றாள். நர்ஸம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையாகிவிட்டேன். "டாக்டர் எழுதுன பாராசிட்டமால், புரூஃபென் எல்லாம் பால் குடுக்கறவங்க போடலாம்னு தெரிஞ்சுதான் எழுதியிருக்காங்க டீச்சர். வலியில இருக்கறவளுக்குப் பால் இறங்காது" என்றார்.

பிறகு மூன்று தலையணை கேட்டார். வெந்நீரில் துணி நனைத்து மாரில் ஒத்தடம் கொடுத்து, விரலால் கருவளையத்துக்குப் பின்னால் அழுத்திப் பீச்சக் கற்றுக்கொடுத்தார். கொஞ்சம் இளகியது. அதன்பின் பிள்ளையை மடியில் வைக்கவில்லை. மகளின் பக்கவாட்டில் தலையணை அடுக்கி, பிள்ளையைக் கக்கத்தில் இடுக்குகிற மாதிரி வைத்தார். கால் அம்மாவின் முதுகுப் பக்கம், தலை அவள் உள்ளங்கையில். வயிற்றுத் தையல் மேல் ஒரு துளி பாரமில்லை. குடத்தை இடுப்பில் வைத்துப் பழகியவர்களுக்கு இது கைவந்துவிடும் என்று சிரித்தார். காம்பை மட்டும் திணிக்கக் கூடாது, பிள்ளை வாயை ஆவென்று திறக்கும்வரை காத்திருந்து, கீழ்ப்பக்கக் கருவளையமும் சேர்ந்து உள்ளே போகும்படி வைக்க வேண்டும். மகள் நாலு முறை வைத்தாள், நாலு முறையும் பிள்ளை உதறியது. ஐந்தாவது முறை பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு மாரிலிருந்து தானாகச் சொட்டியது. மகள் சிரித்தாள். சிரித்ததும் "ஐயோ, தையல் இழுக்குது" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். இருமும்போதும் சிரிக்கும்போதும் வயிற்றில் ஒரு தலையணையை அணைத்துக்கொள் என்று அதற்கும் ஒரு வழி சொன்னார்.

கிளம்பும்போது என்னிடம் சொன்னதுதான் முக்கியம். "டீச்சர், ராத்திரி இரண்டரை மணிக்கு ஒருக்கா நீங்க எந்திரிங்க. துணி மாத்தி, பிள்ளையத் தூக்கி அவ மார்ல வெச்சுக் குடுங்க. குடிச்சதும் வாங்கித் தோள்ல போட்டுத் தட்டுங்க. அவ குனியக் கூடாது, தூக்கக் கூடாது. இது உங்க வேலை. ஆனா பேசாதீங்க."

முப்பத்தோரு வருஷம் பேசியே சம்பளம் வாங்கியவளிடம் பேசாதீங்க என்றால்!

பேசவில்லை. பாட்டிலை அன்றைக்கே நிறுத்தினோம். டின்னை ஒரே நாளில் நிறுத்தக் கூடாது என்றார் நர்ஸம்மா, பிள்ளைக்கு எடை குறையும். ஒவ்வொரு வேளையும் முதலில் மார். பிறகு பீச்சிய பால். அதற்கும் மேல் வேண்டியிருந்தால் மட்டும் டின் பால், அதையும் பாலாடையில். நம் பாட்டிமார் வைத்திருந்த அதே பாலாடைதான், பெரிய ஆஸ்பத்திரிகளில் குறைமாதக் குழந்தைகளுக்கு இன்றைக்கும் அதில்தான் புகட்டுகிறார்கள். எங்கள் வீட்டு வெள்ளிப் பாலாடை பரணில் கறுத்துக் கிடந்தது. புளி போட்டுத் தேய்த்து, வெந்நீரில் கொதிக்க வைத்தேன். இரண்டு மூன்று நாளைக்கொரு முறை எடை பார்த்து, டாக்டர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம். ஒன்பது நாளில் டின் நின்றது.

அந்த ஒன்பது ராத்திரியும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பகலில் உட்கார்ந்து, ராத்திரியில் ஒருக்களித்துப் படுத்தபடி. நான் தூக்கி வைப்பேன், பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். அவளைப் படுக்கையிலிருந்து எழுப்புவதை மாப்பிள்ளை கற்றுக்கொண்டார். நேராக எழுப்பக் கூடாது, ஒரு பக்கமாகப் புரண்டு, காலைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். எங்கள் வீட்டுக்காரர் இரண்டு பாட்டில் தண்ணீர் அவள் கைக்கெட்டும் இடத்தில் நிரப்பி வைப்பார். பால் கொடுக்க உட்கார்ந்தாலே அவளுக்குத் தாகமெடுக்கும். ஒவ்வொரு முறை அவள் மடக் மடக்கென்று குடிக்கும்போதும் எனக்கு அந்தக் குளியலறைக் குழாய் ஞாபகம் வந்தது.

பார்க்க வருபவர்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினோரு பேர். எண்ணினேன், டீச்சர் புத்தி. அதில் ஒன்பது பேரின் முதல் கேள்வி, "பால் இருக்கா?" ஒரு அம்மாள், "ஆபரேஷன்னா என்ன, நோகாம பெத்துட்டா" என்றார். பதினாலு மணி நேரம் வலியும் பட்டு, வயிற்றையும் கிழித்துக்கொண்டு, மறுநாளே எழுந்து நடந்தவளைப் பார்த்து! கால் நரம்பில் ரத்தம் கட்டாமலிருக்க அப்படி நடக்க வைக்கிறார்கள், சுகமாக இருப்பதால் இல்லை. நான் பேசாதே என்ற உத்தரவை அந்த ஒரு நாள் மட்டும் மீறினேன்.

மீன் மார்க்கெட்டில் பால் சுறா வாங்கிப் புட்டு செய்தேன், பூண்டு வதக்கிக் கொடுத்தேன், உழவர் சந்தையில் முருங்கைக்கீரை தினமும். நர்ஸம்மா எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. "நல்லா சாப்பிடட்டும், ஒடம்பு தேறும், தையல் சீக்கிரம் ஆறும். ஆனா பால் ஊறுறது பிள்ளை சப்பறதாலதான். சுறா மேல பாரத்தப் போட்டுட்டுப் பிள்ளையத் தொட்டில்ல போட்டுடாதீங்க" என்றார்.

ஆறு மாதம் முடிந்து சோறு ஊட்டிய நாள். அடுப்படியில் பருப்பும் சாதமும் குழைத்துக்கொண்டிருந்தேன். மகள் கதவில் சாய்ந்து நின்று, கோபமில்லாமல், சாதாரணமாகத்தான் சொன்னாள். "அம்மா, தையல் வலியெல்லாம் மறந்தே போச்சு. நீ அன்னிக்குப் பத்தலன்னு சொன்னது மட்டும் மறக்கல. அந்த ராத்திரி, நான் இதுக்குக்கூட லாயக்கில்லைன்னு நெனச்சுட்டேன்."

கையில் சோறோடு நின்றேன். பிறகு 1988-ஐ அவளிடம் சொன்னேன். தனி அறை, பீச்சிக் கொட்டிய மஞ்சள் பால், குழாய்த் தண்ணீர், பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பியது, எல்லாம். "நீயே டின்ல வளர்ந்தவதான்" என்று அன்றைக்கு நான் சொன்னது அவளுக்குச் சொன்ன ஆறுதல் இல்லை. நான் செய்தது தப்பில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டது. அவளுக்குப் பால் வந்துவிட்டால், எனக்கும் வந்திருக்கும் என்று ஆகிவிடுமே! இந்த யோசனை அந்த அடுப்படியில்தான் எனக்குப் பிடிபட்டது. என் அம்மாவுக்கும் இப்படி ஏதாவது இருந்திருக்கலாம். கேட்க அவர் இல்லை.

இதெல்லாம் ஒரு வீட்டுக் கதை என்று விட்டுவிட முடியாது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 2019-21-ல், தமிழ்நாட்டில் நடந்த பிரசவங்களில் 44.9 சதவீதம் ஆபரேஷன். தனியார் ஆஸ்பத்திரிகளில் மட்டும் பார்த்தால் 63.8. இந்தியா முழுவதற்கும் சேர்த்து 21.5 தான். ஏன் இவ்வளவு என்பது தனியாக எழுத வேண்டிய விஷயம், இன்றைக்கு வேண்டாம். நான் சொல்ல வருவது, இதைப் படிக்கிற உங்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கோ, உங்கள் மகள்களுக்கோ, மருமகள்களுக்கோ வயிற்றில் அந்தத் தழும்பு இருக்கும். ஆனால் நம் வீட்டுப் பிரசவ அறிவெல்லாம் சுகப்பிரசவத்துக்கானது. லேகியம் தெரியும், பத்தியக் குழம்பு தெரியும். வயிற்றில் தையல் உள்ளவள் பிள்ளையை எந்தப் பக்கம் பிடிப்பாள் என்பது நம் பாட்டிக்குத் தெரிய வாய்ப்பில்லை. நாம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

டின் வாங்கியவர்களைத் திட்டி எழுதுகிறேன் என்று யாரும் வருந்தாதீர்கள். டாக்டர் பார்த்து, இவ்வளவு அளவு, இத்தனை நாள் என்று சொன்னால் அது மருந்து மாதிரி, கொடுக்கத்தான் வேண்டும். குழந்தைக்குச் சர்க்கரை இறங்கினாலோ, தாய் ஐசியூவில் இருந்தாலோ வேறு வழியில்லை. குறைமாதக் குழந்தைகளுக்குத் தாய்ப்பால் வங்கி இருக்கிறது. நம் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் உண்டு. தாய்மார்கள் தானம் கொடுத்த பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்கி, சோதித்துக் கொடுக்கிறார்கள். 1989-ல் மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் ஆரம்பித்ததுதான் ஆசியாவிலேயே முதல் வங்கி. என் மகள் அப்போது கைக்குழந்தை! அந்தக் கொழுகொழு குழந்தை படமும் இப்போது டின்களில் கிடையாது, கவனித்திருக்கிறீர்களா? 1992-ல் வந்த குழந்தைப் பால் மாற்றுப் பொருள் சட்டம், குழந்தை படமோ தாய் படமோ போடக் கூடாது என்று தடுத்துவிட்டது. படம் போய்விட்டது. கட்டிலைச் சுற்றி நின்று சொல்கிற எங்களைத் தடுக்கத்தான் சட்டம் இல்லை.

விடுப்பும் மாறியிருக்கிறது. எனக்கு 90 நாள். 2011-ல் ஆறு மாதம் ஆனது, 2016-ல் ஒன்பது, 2021 ஜூலையிலிருந்து அரசு ஊழியர்களுக்கு ஒரு வருஷம். தனியாரில் சட்டப்படி 26 வாரம். என்னோடு வேலை பார்த்த இளைய டீச்சர்கள் ஒரு வருஷம் பிள்ளையோடு இருப்பதைப் பார்த்தால் பொறாமையாகவும் இருக்கிறது, நிறைவாகவும் இருக்கிறது. ஆனால் எனக்கு எழுதிய அந்த மாணவி கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கிற வேலை பார்ப்பவள். கொலுசு ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. அவளுக்கு யார் விடுப்பு தருவது? முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் வரும் உதவி மட்டும்தான். "மூணு மாசத்துல போயிடுவேன் டீச்சர், இல்லைன்னா இடம் போயிடும்" என்றாள். பட்டறை வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. பீச்சி வைத்துவிட்டுப் போகலாம், சுத்தமான மூடிய பாத்திரத்தில் வெளியே நாலு மணி நேரம் வைக்கலாம், வெயில் காலத்தில் அவ்வளவு நேரம் வேண்டாம், ஃபிரிட்ஜில் ஒரு நாள் தாங்கும் என்று சொல்லியிருக்கிறேன். மத்தியானம் அத்தை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வரலாம்.

பால் பத்துகிறதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது என்று பலர் கேட்பீர்கள். அழுகையை வைத்து முடிவு செய்யாதீர்கள். பிள்ளை எதற்கெல்லாமோ அழும். ஐந்தாம் நாளுக்கு மேல், ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது நன்றாக ஒண்ணுக்குப் போகிறதா என்று எண்ணுங்கள். ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை குடிக்கிறதா என்று பாருங்கள். பிறந்த எடையில் முதல் சில நாளில் கொஞ்சம் குறையும், பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறையக் கூடாது, இரண்டு வாரத்துக்குள் திரும்ப ஏறிவிட வேண்டும். பிள்ளை சோர்ந்து எழுப்பினாலும் எழாமல் கிடந்தால், மஞ்சள் காமாலை ஏறினால், வீட்டில் யோசித்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் ஓடுங்கள். அதேபோல் தாயையும் பாருங்கள். தையல் சிவந்தாலோ சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, போக்கு திடீரென்று அதிகமானாலோ, எந்நேரமும் அழுதுகொண்டே இருந்தாலோ பத்தியத்தில் சரிசெய்யப் பார்க்காதீர்கள்.

செவ்வாய்க்கிழமை அந்தப் பெண்ணிடம் பேசி முடித்ததும், "அத்தைகிட்ட போனைக் குடு" என்றேன். குடுத்தாள். அந்த அம்மாளுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். "குழந்தை அழுதா மனசு கேக்கல டீச்சர், எனக்கும் என் பையனுக்குப் பால் இல்ல" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. எங்கள் வீட்டுக் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். மூன்று தலையணை இருக்கிறதா என்று கேட்டேன். இரண்டுதான் இருக்கிறது, ஒரு போர்வையைச் சுருட்டிக்கொள்கிறேன் என்றார்.

நேற்று ராத்திரி பத்து மணிக்கு ஒரு செய்தி வந்தது. "டீச்சர், டின்ன அத்தையே எடுத்து அலமாரி மேல வெச்சுட்டாங்க. ராத்திரி பூரா அவங்கதான் பிள்ளையத் தூக்கித் தர்றாங்க. பேசவே மாட்டேங்கறாங்க, எனக்குத்தான் பயமா இருக்கு 😀"

நாளைக் காலையில் மீன் மார்க்கெட் போய்ப் பால் சுறா வாங்கி, புட்டு செய்து எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். நர்ஸம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். சேலத்தில் வேறு யார் வீட்டிலாவது பச்சை உடம்புக்காரி இருந்தால் கீழே எழுதாதீர்கள், தனியாகச் செய்தி அனுப்புங்கள். எந்த நேரமானாலும் அனுப்பலாம். நாலரைக்கு எழுந்துவிடுவேன்.